பிழையா, ஆத்துமமா?



அடைமழை பெய்யும் இராத்திரிகளில் உங்கள் வீட்டு டெலிவிஷனில் படம் சதுரம் சதுரமாக உடைந்து நிற்பதைக் கண்டிருப்பீர்கள். செய்தி வாசிப்பவரின் கண் ஒரு கட்டத்தில், வாய் இன்னொரு கட்டத்தில். பிள்ளைகள் சிரிப்பார்கள், பெரியவர்கள் சலித்துக்கொள்வார்கள். இந்தக் கோளாற்றையே கலையாக எடுத்துக்கொண்டவர்கள் மேல்நாடுகளில் உண்டு என்றால் நம்புவீர்களா? அதற்குக் கிளிட்ச் கலை என்று பெயர். ஓடிக்கொண்டிருக்கும் யந்திரத்தில் திடீரென்று நேரும் சிறு கோளாறே கிளிட்ச்.

கொரியாவில் பிறந்த நாம் ஜூன் பைக் என்பவர், 1965-ஆம் ஆண்டிலேயே ஒரு டெலிவிஷன் பெட்டியின் தலைமேல் பெரிய காந்தம் ஒன்றை வைத்தார். படம் வளைந்து நெளிந்து விசித்திரக் கோலமாயிற்று. நெதர்லாந்து தேசத்து ரோசா மெங்க்மன் என்னும் பெண்மணி, 2010-இல் தம் முகப்படம் ஒன்றைக் கம்ப்யூட்டரில் படங்களைச் சேமிக்கும் பல முறைகளிலும் சேமித்து, ஒவ்வொன்றிலும் வேண்டுமென்றே பிழையைப் புகுத்தினார். முகம் ஒன்றுதான், அது உடைந்த விதமோ முறைக்கு முறை வேறாயிருந்தது.

'நல்ல படத்தைக் கெடுப்பதில் என்ன கலை?' என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். நாம் போனில் எடுக்கும் புகைப்படங்கள் பெரும்பாலும் ஜேபெக் என்னும் முறையில் சேமிக்கப்படுகின்றன. அதன்படி படம் முதலில் நீளத்தில் 8 புள்ளி, அகலத்தில் 8 புள்ளி கொண்ட சிறு கட்டங்களாக அறுக்கப்படுகிறது. பிறகு, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய வேறுபாடுகள் கழிக்கப்படுகின்றன. ஒவ்வொரு கட்டமும் முந்திய கட்டத்தைச் சார்ந்தே எழுதப்படுவதால், ஓரிடத்தில் ஓர் எழுத்து மாறினாலும் பின்வரும் கட்டங்கள் நிறம் மாறி, இடம் பெயர்ந்துவிடும். கட்டங்கள் அப்போது பட்டவர்த்தனமாகத் தெரியும். அவற்றைப் பிழை உண்டாக்கவில்லை. அவை முன்னமே அங்கே இருந்தன. முழுமையானது என்று நாம் நம்பிய முகம், ஏற்கெனவே அறுக்கப்பட்டுக் கழிக்கப்பட்ட முகம். பிழை அதைக் காட்டிக்கொடுத்தது, அவ்வளவே.

நிற்க. படத்துக்கு நேர்வது மனிதனுக்கும் நேர்கிறதல்லவா? பள்ளிக்கூடத்தில் பிள்ளை ஒரு மதிப்பெண். தொழிற்சாலையில் தொழிலாளி, மணிக்கு இத்தனை உருப்படி. ஆஸ்பத்திரியில் நோயாளி ஒரு படுக்கை எண். கணக்கில் ஏறாதவை கழிக்கப்படுகின்றன: பிள்ளையின் பயம், தொழிலாளியின் முதுகுவலி, நோயாளியின் தனிமை. வெளிப்பார்வைக்கு எல்லாம் ஒழுங்காகவே ஓடுகிறது. ஒருநாள், அடக்கமான பிள்ளை பரீட்சைக்குப் போகமாட்டேன் என்று கதவைச் சாத்திக்கொள்கிறது. இருபது வருஷம் ஒருநாளும் பிந்தாதவர், காலையில் செருப்பை மாட்டியபடி திண்ணையில் உட்கார்ந்து அழுகிறார். 'இவருக்கு என்ன கோளாறு?' என்கிறோம்.

இந்தக் கேள்வியை ஒரு நாடகாசிரியர் நூறு வருஷத்துக்கு முன்னமே கேட்டிருக்கிறார். ரோபோட் என்ற சொல்லை உலகுக்கு வழங்கிய நாடகம் அது. செக் நாட்டுக் காரெல் சாப்பெக் எழுதி 1920-இல் வெளியிட்டது. கட்டாய வேலை என்று பொருள்படும் செக் மொழிச் சொல்லிலிருந்து இந்தப் பெயரைச் சொல்லிக்கொடுத்தவர் அவர் அண்ணன், ஓவியர் யோசெப். அதில் வரும் ரோபோட்டுகள் இரும்புப் பொம்மைகளல்ல. மனிதரைப் போன்ற உடலோடு, உழைப்பதற்கென்றே ஆலையில் செய்யப்பட்டவை. சிற்சில வேளை ஒரு ரோபோட் கையிலிருப்பதை எறிந்துவிட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு அசையாமல் நின்றுவிடும். ஆலையின் தலைவருக்கு அது யந்திரக் கோளாறு, அழித்துவிடுவதே பரிகாரம். அங்கே வந்த ஹெலேனா என்ற பெண்ணுக்கோ அதுதான் ஆத்துமம்.

அன்பர்களே, ஒரே நிகழ்ச்சி. பார்த்த கண்கள் இரண்டு. நம் வீட்டில் ஒருவர் நின்றுவிடும்போது, நாம் எந்தக் கண்ணால் பார்க்கிறோம்?

இதைச் சொல்லும்போது இரண்டு தப்பெண்ணங்களுக்கு இடங்கொடுக்கலாகாது. முதலாவது, பிழையெல்லாம் மேன்மை என்பது. கடமை தவறுவதும் சீறி விழுவதும் தம்மிலே நல்லவையல்ல. யந்திரம் தன் பிழையை அறியாது. அதற்காக வருந்தாது, மன்னிப்புக் கேளாது. மனிதன் கேட்பான். ஆகவே பிழைக்கு அவனே பொறுப்பாளி. அவனைப் பிழைக்குத் தள்ளிய கட்டங்களுக்கோ நாம் எல்லாரும் பொறுப்பாளிகள்.

இரண்டாவது, திரும்பத் திரும்பச் செய்வதுதான் மனிதனை யந்திரமாக்குகிறது என்பது. நெசவாளி நாள் முழுவதும் ஒரே நாடாவைத்தான் ஓட்டுகிறார். பாட்டிமார் ஐம்பது வருஷமாக அதே செபமாலையைத்தான் உருட்டுகிறார்கள். மனம் அதிலே இருக்கும் மட்டும் அவர்களை யந்திரம் என்று யார் சொல்வார்? ஒரே ஒரு தரம் கேட்ட 'சௌக்கியமா?' என்ற கேள்விகூட, பதிலுக்குக் காத்திராமல் கேட்டால் யந்திரத்தின் சத்தமே. இதை எழுதும் நானும் அப்படிக் கேட்டுவிட்டு நடந்ததுண்டு.

சாப்பெக்கின் நாடகத்தில் ரோபோட்டுகள் கலகம் செய்து மனித குலத்தை அழிக்கின்றன. ஒரே ஒருவர் மிஞ்சுகிறார். முடிவிலே அவர் ஒரு ரோபோட்டை அறுத்துச் சோதிக்க முற்படும்போது, அதன் துணை குறுக்கே வந்து, 'என்னை எடுத்துக்கொள்' என்கிற பாவனையில் நிற்கிறது. உடனே மற்றதும் அப்படியே நிற்கிறது. அவர் அவ்விருவரையும் ஆதாம் ஏவாள் என்று அனுப்பிவைக்கிறார். தன்னைத் தரத் துணிந்தபோது யந்திரம் மனிதனாயிற்று என்பதே அதன் கருத்து.

தொண்ணூற்றொன்பது ஆடுகள் சரியாயிருக்க, காணாமற்போன ஒன்றைத் தேடிப் போன ஆயனின் கதை நமக்குத் தெரியும். கட்டம் போட்டுக் கழிக்கும் கணக்குக்கு அந்த ஓர் ஆடு, கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய வேறுபாடு. ஆயன் அதைக் கழிக்கவில்லை.

இந்த வாரம் உங்கள் வீட்டில் ஒருவர் வழக்கத்துக்கு மாறாக மௌனமாயிருந்தால், அல்லது காரணமின்றிச் சீறினால், உடனே திருத்தப் புறப்படாதீர்கள். பக்கத்தில் சற்று உட்காருங்கள். நாம் கழித்துவிட்டது எது என்பது அப்போது தெரியலாம்.

உங்கள் பங்குக் குரு