பாரமும் பங்கும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரை வயல்வெளிகள் முடிந்து காடு தொடங்கும் எல்லையில், ஒருவன் தனியே நின்று ஒரு மரையை வீழ்த்திவிட்டான் என்று வைத்துக்கொள்வோம். துணைக்கு ஆள் இல்லை. நூறு யார் தொலைவில் அவனுடைய உழவு இயந்திரப் பெட்டி நிற்கிறது. நன்கு வளர்ந்த ஆண் மரையின் எடை 200 கிலோவையும் எட்டும். உயிர் போன உடல் உயிருள்ள உடலைவிடக் கனக்கும் என்று வேட்டைக்காரர் சொல்வதுண்டு. தராசு அதனை ஒப்புக்கொள்ளாது. ஆயினும் தூக்கிப் பார்த்தவன் ஒப்புக்கொள்வான். கால் ஒருபக்கம் துவள, தலை ஒருபக்கம் சரிய, எங்கே பிடித்தாலும் நழுவுகின்ற அவ்வுடலைத் தனியொருவன் எவ்வாறு வண்டியில் ஏற்றுவான்?

இது முதுகெலும்புக்கும் கயிற்றுக்கும் உரிய சங்கடம். இதில் அறத்துக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கிறது என்பதே நமது கருத்து.

முதலில் கயிற்றின் சங்கதியைப் பார்த்துவிடுவோம். வழிகள் இல்லாமலில்லை. வண்டியைப் பின்னோக்கிச் செலுத்திக் குளக்கட்டின் சரிவோரம் நிறுத்தினால், பெட்டியின் தட்டும் கட்டின் மேற்பரப்பும் ஏறக்குறைய ஒரே மட்டத்துக்கு வந்துவிடும். பிறகு தூக்க வேண்டியதில்லை, இழுத்தால் போதும். குளக்கட்டு அருகில் இல்லையெனில் இரண்டு பலகைகளைச் சாய்த்துப் போடலாம். ஒரு மீற்றர் உயரத்துக்கு மூன்று மீற்றர் நீளப் பலகை கிடைத்தால், உராய்வை நீக்கிப் பார்க்க, மூன்றில் ஒரு பங்கு விசையே வேண்டும். நான்கு இழை ஓடும் கப்பி இருந்தால் நான்கில் ஒரு பங்கு. ஆனால் கயிற்றை நான்கு மடங்கு நீளத்துக்கு இழுத்தாக வேண்டும். விசையில் விட்டுக்கொடுத்ததை இயற்கை தூரத்தில் வசூலித்துக்கொள்கிறது. அதன் ஐந்தொகையில் ஒரு சதமும் தவறுவதில்லை. இன்று பிற நாடுகளில் மின்கலத்தால் இயங்கும் இழுவைப் பொறிகளும் வந்துவிட்டன. தனியாளாக ஒரு பெரிய விலங்கை ஏற்றுவது அங்கே ஒரு பொத்தானை அமுக்கும் காரியம்.

நம்மைச் சிந்திக்கவைப்பது வேறொரு கணக்கு. கப்பி வருவதற்கு முன் அந்த 200 கிலோ என்ன செய்தது? அது ஆள் தேடச் செய்தது. கொன்றவன் கொம்பொன்றை ஒடித்து அடையாளம் வைத்துவிட்டு வாடிக்கோ ஊருக்கோ நடந்தாக வேண்டியிருந்தது. நான்கு பேரை அழைத்து வந்து தடியில் கட்டித் தோளில் சுமந்தாக வேண்டியிருந்தது. சுமந்தவர்களுக்குப் பங்கு உண்டு. சுமந்தவர்களின் வீட்டார் கேட்பர். அவர்களின் அயலார் அறிவர். மட்டக்களப்பு வெயிலோ இறைச்சியை மறுநாள்வரை பொறுத்துவைக்காது. ஆகவே விலங்கின் பாரம் ஒருபுறமும் வெயில் மறுபுறமும் நின்று, கருமியையும் கொடையாளி ஆக்கின. பகிர்வு என்பது முதலில் உள்ளத்தில் பிறந்து கைக்கு வந்தது என்று நாம் நம்பிக்கொண்டிருக்கிறோம். அது தோளில் பிறந்து உள்ளத்துக்குப் போயிருக்கவும் கூடும்.

இது வெறும் ஊகம் அன்று. செலிக்மன் தம்பதியர் வேடர்களிடையே தங்கி ஆராய்ந்து 1911இல் வெளியிட்ட பெருநூலில், வேட்டையும் தேனும் குழுவினருக்குள் பகிரப்பட்ட வழக்கம் பதிவாகியுள்ளது. வாகரைப் பக்கத்தில் தமிழ் பேசி வாழ்ந்த கரையோர வேடருக்கும் அந்நூல் தனி அதிகாரம் ஒன்றை ஒதுக்கியிருக்கிறது. வேட்டை வாய்க்க வேண்டி வேடர் தொழுத கந்தே யக்கா, ஒருகாலத்தில் பெரும் வேட்டுவனாக வாழ்ந்து மறைந்தவன் என்பது அவர்தம் நம்பிக்கை. இறந்தவனுக்குமா பங்கு என்று சிரிக்க வேண்டா. இருப்பவருக்குப் பங்கில்லை என்ற நிலையைவிட அது மேலானதே.

ஆபிரிக்காவின் கலகாரிப் பாலையில் வாழும் குங் மக்களின் வழக்கம் இன்னும் நுட்பமானது. 1960களில் அவர்களோடு வாழ்ந்த ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் 1969இல் அதனை எழுதினார். பெரிய விலங்கை வீழ்த்தியவன் ஆரவாரமின்றி வந்து அமர்கிறான். மறுநாள் அதனைச் சுமந்துவரச் செல்பவர்களோ, இந்த எலும்புக் கூட்டுக்காகவா எங்களை இவ்வளவு தூரம் இழுத்து வந்தாய் என்று ஏளனம் செய்கிறார்கள். கொன்றவனின் செருக்கு தலைக்கு ஏறாதிருக்கச் சமுதாயம் கண்ட மருந்து அது. நாம் கவனிக்க வேண்டியது ஒன்று: அந்த ஏளனத்தைச் செய்யும் உரிமை சுமக்க வந்தவர்களுக்கு இருக்கிறது. வேட்டைக்காரனுக்கு அவர்கள் தேவை. தேவைப்படாதவர்களின் ஏளனத்தை எவன் கேட்டுக்கொண்டிருப்பான்? அம்மக்களிடையே இறைச்சியைப் பங்கிடும் பொறுப்பு அம்புக்கு உரியவரைச் சேரும். அம்புகளோ கைமாறிக்கொண்டே இருப்பவை. நடக்க இயலாத முதியவரின் அம்பு ஒரு விலங்கை வீழ்த்தினால், பங்கிடுபவர் அம்முதியவரே.

மேலைநாட்டு வேட்டைக்காரர்கள் மானைக் கொல்வதை இப்போது ‘அறுவடை’ என்று சொல்கிறார்கள். குருதியின் வாடையை மறைக்கக் கிடைத்த சொல் என்று அதனைத் தள்ளிவிடலாம். ஆனால் அது தன்னையறியாமல் ஒரு கேள்வியையும் எழுப்புகிறது. அறுத்தவன் இருக்கிறான்; விதைத்தவன் யார்? காட்டுக்கு நீர் இறைத்தவன் யார்? அந்த மரை மேய்ந்த புல்லுக்கு வரம்பு கட்டியவன் யார்? ஒருவரும் இல்லை என்றால், கொன்றவனுக்கு அது எவ்வாறு உடைமை ஆயிற்று?

தனியுடைமையின் தத்துவாசிரியரான ஜோன் லொக் 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் இதற்கு விடை சொன்னார். சொல்வதற்கு எடுத்துக்கொண்ட உதாரணமும் மான்தான். அமெரிக்கக் காட்டில் மானைக் கொன்ற இந்தியனுக்கே அந்த மான் உரியது. அவன் உழைப்பு அதில் கலந்துவிட்டது என்பது அவர் வாதம். (மனிதரைப் பிடித்து விற்ற ஆபிரிக்கக் கம்பனியில் லொக் பங்கு வைத்திருந்தவர் என்பதையும் மாணவர்கள் அறிந்திருத்தல் நன்று. அது வேறு வகைப் பங்கு.) ஆனால் அந்த இந்தியன் எவ்வாறு மானை வீட்டுக்குக் கொண்டுபோனான் என்று லொக் கேட்கவில்லை. அவன் வில்லுக்கு நாண் முறுக்கியவர், தடம் பார்க்கக் கற்றுக்கொடுத்த தந்தை, மானைச் சுமந்தவர், தோலைப் பதப்படுத்திய பெண்கள் ஆகிய எல்லாரும் அந்த வாக்கியத்திலிருந்து வெளியேற்றப்பட்டுவிட்டனர். தன்னந்தனி வேட்டைக்காரனிலிருந்து தொடங்கும் பொருளியலைக் கார்ல் மார்க்ஸ் 1857இல் எள்ளி நகையாடியதன் காரணம் இதுதான். அப்படியொருவன் வரலாற்றின் தொடக்கத்தில் இருந்ததில்லை. சந்தைச் சமுதாயம் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து அதற்கு ஆதிமனிதன் என்று பெயரிட்டது.

நமது இலக்கியத்திலும் தனியே மான் வேட்டையாடிய ஒருவன் உண்டு. புறநானூற்றின் 150ஆம் பாட்டில் வன்பரணர் காட்டும் கண்டீரக் கோப்பெருநள்ளி. காட்டுவழி தவறிய இளையர் வந்துசேருமுன், பசித்துக் கிடந்த பாணர் சுற்றத்துக்குத் தானே தீக்கடைந்து இறைச்சியைச் சுட்டுக் கொடுக்கிறான். தன் பெயரையும் சொல்லாமல் போகிறான். அருமையான காட்சி. எனினும் நள்ளி நாடாளும் தலைவன். பின்னால் இளையர் வருகிறார்கள் என்ற நம்பிக்கையோடு தனியே நின்றவன். வீட்டில் உலை காத்திருக்கும் ஏழையின் தனிமை அதுவன்று. இருந்தும், கையில் மான் இருக்கையில் எதிரே வந்தவர் பசித்தவரா என்று பார்த்த கண் அவனுடையது. ஏற்றுவதற்கு வழி தேடவில்லை, இறக்கிவிட்டான்.

வெள்ளையர் ஆட்சியில் ‘தனி வேட்டை’ என்பது இன்னொரு பொய்யாக வளர்ந்தது. சாமுவேல் பேக்கர் 1854இல் வெளியிட்ட இலங்கை வேட்டைநூலைப் படிப்போர், ஒரு வீரனும் ஒரு துவக்கும் ஒரு விலங்கும் மட்டுமே உலகில் உள்ளனபோல மயங்குவர். சற்று ஊன்றிப் படித்தால், கூடாரம் சுமந்தவர், தடம் காட்டியவர், மாற்றுத் துவக்கை ஏந்தி நின்றவர் எனக் கூலிகளின் நீண்ட வரிசை தெரியும். கொம்பு துரையின் சுவருக்குப் போயிற்று. பாரம் சுமந்த தோளுக்குப் பெயரும் இல்லை. உள்ளூரிலும் நாம் மார்தட்டிக்கொள்ள அதிகம் இல்லை. வாவியின் கிழக்கே எழுவான்கரையில் போடியார் இருந்தார். மேற்கே அவர் வயலில் முல்லைக்காரனும் வயற்காரனும் காவலிருந்தனர். அங்கே வீழ்ந்த விலங்கின் நல்ல தொடை எந்தக் கரைக்குப் பயணம் போயிருக்கும் என்பதை அறியப் பெரிய ஆராய்ச்சி வேண்டியதில்லை. பங்கு என்று ஒன்று இருந்தது; அது சமபங்கு என்று நாம் சொல்லவில்லை. சாதியும் நிலமும் கத்தியைப் பிடித்திருந்த காலத்தைப் பொற்காலம் என்று பாடுவது நமது வேலையன்று.

1937ஆம் ஆண்டின் 2ஆம் இலக்க வனசீவராசிகள், தாவரப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு காட்டின் மீது இன்னொரு கை விழுந்தது. அச்சட்டம் தேவையற்றது என்று சொல்ல நாம் துணியோம். 1949இல் தொடங்கிய கல்லோயாத் திட்டம், நாம் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆற்றின் இரு மருங்கிலும் காட்டை வெட்டிக் கழனியாக்கிய வேகத்தைக் கண்டவர்கள், எஞ்சிய விலங்குகளுக்குக் காவல் வேண்டும் என்பதை மறுக்க மாட்டார்கள். இன்று மானைக் கொல்வது குற்றம். குற்றமாக இருப்பதே சரி. ஆனால் காட்டை ஆயிரக்கணக்கான ஏக்கராக அழித்தது அபிவிருத்தி என்றும், ஒருவன் ஒரு மானைக் கொன்றது குற்றம் என்றும் பெயர் பெற்றன. 1983இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனமானபோது, தலைமுறைகளாக அங்கே வேட்டையாடிய வேடர்கள் தங்கள் காட்டிலேயே அத்துமீறுவோர் ஆயினர்.

இதன் விளைவு நமது பேச்சுக்கு நேரடியாகத் தொடர்புடையது. இன்று காட்டோரத்தில் தனியே நிற்பவன் துணை கிடைக்காததால் தனித்தவன் அல்லன். துணையை அஞ்சித் தனித்தவன். அழைத்துவரும் நான்கு பேரும் நான்கு சாட்சிகள். முன்பு பாரத்தைப் பகிர்ந்தவனுக்குக் கொடுத்த பங்கு உறவின் பங்கு. இன்று கண்டுவிட்டவனுக்குக் கொடுக்கும் பங்கு வாயை அடைக்கும் பங்கு. கப்பி அவனுக்கு இரட்டிப்பாக உதவுகிறது: உழைப்பை மிச்சப்படுத்துகிறது, சாட்சியையும் மிச்சப்படுத்துகிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறக்கப்படும்வரை, அந்தத் துறையில் வாவியைக் கடக்கப் ‘பாதை’ என்று இப்பகுதியார் அழைக்கும் மிதவையே கதி. அதில் ஏறிய எதையும் கூட ஏறியவர்கள் பார்த்தனர். என்ன கொண்டுபோகிறாய் என்று கேட்டனர். பாலத்தில் படங்கு மூடிய வண்டி நிற்காமல் போகிறது. பாலம் வேண்டாம் என்பவன் பைத்தியக்காரன். பிரசவ வேதனையோடு பாதைக்காகக் காத்திருந்த பெண்களைக் கேட்டால் சொல்வார்கள். நாம் சொல்வது, கேள்வி கேட்டுக்கொண்டிருந்த ஓர் இடம் மறைந்தது, அதற்கு மாற்றாக எதையும் நாம் கட்டவில்லை என்பதே.

கட்டுத்துவக்கு இந்தத் தனிமையின் கடைசிப் படி. கம்பியைக் குறுக்கே கட்டிவிட்டு வேட்டைக்காரன் வீட்டில் உறங்குகிறான். முன்பு நால்வர் இருந்த இடத்தில் ஒருவன் நின்றான். இப்போது அந்த ஒருவனும் இல்லை. வருவது மானா, விறகுக்குப் போன கிழவியா, மாடு தேடும் சிறுவனா என்று துவக்கு கேட்பதில்லை.

கருவிகளின் மீது நமக்குப் பகை இல்லை. தோள் வலுவிழந்த முதியவனுக்கும், கணவனை யுத்தத்தில் இழந்து தனியே வயல் செய்யும் பெண்ணுக்கும் கப்பியும் சாய்பலகையும் கருணையே உருவானவை. நெல்மூட்டையைத் தானே வண்டியில் ஏற்ற முடிந்த அப்பெண், அதற்காக ஒருவனின் தயவையும் அவன் பார்வையையும் பொறுத்திருக்க வேண்டியதில்லை. பிறரை நாடியிருத்தல் எப்போதும் உறவாக இருந்ததில்லை. பல வேளைகளில் அது அடிமைத்தனமாகவே இருந்தது. அறுவடை இயந்திரம் வயலில் இறங்கியபோதும் இதே இரட்டை முகத்தையே கண்டோம். முதுகு நிமிர்ந்தது, அருவி வெட்டப் போனவர்களுக்குக் கூலியும் போயிற்று, பொலி கூறிய களவெட்டியில் வண்ணானுக்கும் கொல்லனுக்கும் அளந்து கொடுத்த நெல்லும் போயிற்று. இயந்திரம் அந்த நெல்லைத் தின்னவில்லை. அது யாருடைய அறையில் குவிந்தது என்று பார்க்க வேண்டும்.

ஆக, பாரம் நம்மைக் கட்டாயப்படுத்திய காலத்தில் அறம் எளிதாக இருந்தது. நாலு பேர் இன்றி நகராத பொருளை நாலு பேருக்குக் கொடுப்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? தனியொருவன் ஏற்றக்கூடிய பொருளில்தான் கேள்வி முதன்முறையாகக் கூர்மை பெறுகிறது. எவருடைய கையும் தேவைப்படாதபோது எவருக்குக் கொடுப்பது? குளிர்சாதனப் பெட்டி வெயிலையும் வென்றுவிட்ட வீட்டில், நாளைக்கும் மறுநாளைக்கும் தானே வைத்துத் தின்ன முடிகிறபோது எதற்காகக் கொடுப்பது? வேடரும் சேமித்தார்கள். உலர்ந்த இறைச்சியைத் தேனில் இட்டு மரப்பொந்தில் அடைத்துவைத்ததை 1681இல் வெளிவந்த நூலிலேயே றொபேட் நொக்ஸ் எழுதியிருக்கிறார். ஆனால் அந்தப் பொந்துக்குப் பூட்டு இல்லை.

அந்த மனிதன் வண்டியை வீட்டு முற்றத்துக்கு ஓட்டிவந்துவிட்டான். ஏற்றுவதைவிட இறக்குவது எளிது. பாரமே தன்னை இறக்கிக்கொள்ளும். படங்கை விலக்கி, விளக்கைத் தணித்து, கத்தியைத் தீட்டுகிறான். விடிவதற்குள் வெட்டி முடிக்க வேண்டும். எத்தனை கூறு போடுவது என்று அவனை இப்போது கேட்பவர் ஒருவரும் இல்லை. வேலிக்கு அப்பால் ஒரு வீட்டில் மூன்று நாளாக உலை சரியாக எரியவில்லை என்பது அவனுக்குத் தெரியும்.