மாயாவியும் அறுபதாம் படியும்

யாரும் பார்க்கவில்லை, இனியும் யாருக்கும் தெரியப்போவதில்லை என்று உறுதியான பிறகும் ஒரு மனிதர் நேர்மையாக நடந்துகொள்வாரா? நடந்துகொண்டால், அவரை அப்படிப் பிடித்து நிறுத்துவது எது? தத்துவத்தில் இது மிகப் பழைய கேள்வி. பிளேட்டோவின் ‘குடியரசு’ நூலின் இரண்டாம் பகுதியில் கிளாக்கன் இதை ஒரு கதையாகச் சொல்கிறான். லிடியா நாட்டு ஆட்டிடையன் ஒருவனுக்கு ஒரு மோதிரம் கிடைக்கிறது. அதைத் திருகினால் பிறர் கண்ணுக்கு அவன் தெரியமாட்டான். அந்த வசதி வந்ததும் அரசியை வசப்படுத்தி, அரசனைக் கொன்று, நாட்டையே பிடித்துக்கொள்கிறான். நல்லவனுக்கு ஒன்று, கெட்டவனுக்கு ஒன்று என்று அப்படிப்பட்ட மோதிரங்களைக் கொடுத்தாலும் இருவரும் ஒரே வழியில்தான் போவார்கள் என்பது கிளாக்கனின் வாதம். மாட்டிக்கொள்வோமோ என்ற பயத்துக்குத்தான் நாம் அறம் என்று பெயர் வைத்திருக்கிறோம் என்பது அதன் சாரம். தமிழ்நாட்டில் இதே கேள்வி, பிள்ளைகள் காசு கொடுத்து வாங்கிய படக்கதையாக வந்து சேர்ந்தது. 1972இல் சிவகாசியில் சௌந்திரபாண்டியன் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. அரை நூற்றாண்டைத் தாண்டியும் நடந்துவருகிறது அந்தத் தொழில். அது வளர்ந்த விதத்தில், தன் முதல் கதை எழுப்பிய கேள்விக்கு ஒரு விடை இருக்கிறது என்பதே இந்தக் கட்டுரையின் வாதம்.

மாயாவியின் மூலக்கதை பிரிட்டனில் 1962இல் தொடங்கிய ‘வேலியன்ட்’ வார இதழில் வந்தது. அதற்குப் படம் வரைந்து பெயர் பெற்றவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசுஸ் பிளாஸ்கோ. கதையின் லூயி கிராண்டேல் ஓர் ஆய்வகத்தில் உதவியாளர். கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர். உயர் மின்சாரம் பாய்ந்தால் அவர் உடம்பு மறைந்துவிடும், இரும்புக்கை மட்டும் மறையாது. ஆளே இல்லாத அறையில் அந்தரத்தில் ஒரு கை மட்டும் மிதந்துவரும் அந்தக் கட்டத்தில் எந்த வாசகரின் கண்ணும் நின்றுவிடும். இப்படி ஒரு சக்தி கிடைத்ததும் கிராண்டேல் முதலில் இறங்கியது குற்றத்தில். உளவு அமைப்பின் ஆளாக, நாயகனாக மாறியதெல்லாம் பிறகுதான். எண்பதுகளில் லயன் காமிக்ஸில் வந்து பிள்ளைகளைக் கட்டிப்போட்ட ஸ்பைடரும் குற்ற உலகுக்கே அரசனாக வேண்டும் என்று கிளம்பியவன்தான். இதுவரை கிளாக்கன் சொன்னது சரி. ஆனால் இருவரும் திருந்தியபோது அவர்களுடைய சக்தி போய்விடவில்லை. கொள்ளையடித்த கிராண்டேலும் மறையக்கூடியவர், ஆட்களைக் காப்பாற்றிய கிராண்டேலும் மறையக்கூடியவர். அப்படியானால் மறைவு மட்டுமே தீமைக்குக் காரணமாக இருக்க முடியாது. கதையைச் சான்றாகக் கொள்ள முடியாதுதான். ஆனாலும் கேள்வியை எந்த இடத்தில் வைத்துக் கேட்க வேண்டும் என்பதை அது காட்டிவிடுகிறது: மறைவு மாறாதபோது மாறியது எது?

சேலம், நாமக்கல் சமவெளி இதற்கு ஒரு பழைய விடை வைத்திருக்கிறது. மனிதர் பார்க்காவிட்டாலும் பார்க்க ஒருவன் இருக்கிறான் என்பது அந்த விடை. திருச்செங்கோட்டு மலையில் படியேறினால், பாறையில் செதுக்கிய பெரிய நாகமும் அறுபதாம் படியும் வரும். கொடுக்கல் வாங்கலிலோ பங்காளித் தகராறிலோ சாட்சி இல்லாமல் போனால், அந்தப் படியில் நின்று சத்தியம் செய்யச் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். பொய்ச்சத்தியம் செய்தவன் குடும்பம் விளங்காது என்ற அச்சம்தான் அதன் பலம். இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிட நான் தயாராக இல்லை. எழுத்தும் பத்திரமும் இல்லாத ஏழைக்கு அந்தப் படி ஒரு நீதிமன்றமாக இருந்தது. வள்ளுவரும் கூடாவொழுக்கம் அதிகாரத்தில், வஞ்சகன் மறைத்து வைத்ததைக் கண்டு அவன் உடம்பிலிருக்கும் ஐம்பூதங்களே உள்ளுக்குள் நகைக்கும் என்கிறார். ஆனாலும் இந்த விடையில் இரண்டு குறைகள் உண்டு. ஒன்று, கடவுள் தண்டிப்பார் என்பதற்காக ஒருவன் திருடாமல் இருந்தால் கிளாக்கன் தோற்றுவிடவில்லை, காவல்காரர்தான் மாறியிருக்கிறார். இன்னொன்று, கடன் கொடுப்பதற்கு முன்னால் யாரும் யாரையும் அறுபதாம் படிக்குக் கூட்டிப் போவதில்லை. நம்பிக்கை உடைந்த பிறகுதான் போகிறார்கள். சத்தியத்தால் ஒரு தகராறை முடித்து வைக்க முடியும். ஒரு கொடுக்கல் வாங்கலைத் தொடங்கி வைப்பது வேறு ஏதோ ஒன்று.

அந்த வேறொன்றை அறிய நாமக்கல் மலையடிவாரத்துக்குப் போக வேண்டும். அதியர் காலத்தில் குடைந்த நரசிம்மர் குடைவரையில், இரணியனை மடியில் கிடத்திய நரசிங்கத்தின் புடைப்புச் சிற்பம் இருக்கிறது. தூணிலும் இருப்பான், துரும்பிலும் இருப்பான் என்று பிரகலாதன் சொன்ன கதை தமிழில் பழமொழியாகவே ஆகிவிட்டது. நாம் அதைப் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாகவே சொல்கிறோம்: எங்கே ஒளிந்தாலும் அவன் பார்த்துக்கொண்டிருக்கிறான், ஜாக்கிரதை. ஆனால் கதையில் அதைச் சொல்பவன் பயந்தவன் அல்ல. மலையிலிருந்து உருட்டியபோதும் விஷம் கொடுத்தபோதும் அஞ்சாத பிள்ளை அவன். தன்னைக் கடவுள் கண்காணிக்கிறார் என்று அவன் சொல்லவில்லை. தான் பார்க்கும் இடமெல்லாம் அவரைக் காண்கிறேன் என்கிறான். தூண் அவனுக்கு வெறும் தூணாகத் தெரியவில்லை, இரணியனுக்குத் தெரிந்தது. இருவருக்கும் உள்ள வித்தியாசம் யார் யாரைப் பார்க்கிறார் என்பதில் இல்லை, எதிரே இருப்பதில் எதைக் காண முடிகிறது என்பதில் இருக்கிறது. குடைவரைக்கு எதிரே 18 அடி உயரத்தில், கூரையில்லாத வெளியில் கைகூப்பி நிற்கும் ஆஞ்சநேயரும் அதையே காட்டுகிறார். பார்த்துக்கொண்டே நிற்பதுதான் அவருடைய பக்தி. ஆகவே யாரும் என்னைப் பார்க்கவில்லை என்பதால் நான் கெட்டுப்போவதில்லை, எதிரில் இருப்பவரை நான் பார்க்கத் தவறும்போதே கெடுகிறேன். அறத்தின் வேர் அந்தப் பார்வையில் இருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்கத் தமிழ் காமிக்ஸ் தொழிலைவிட நல்ல இடம் கிடைப்பது அரிது. ஏனென்றால் அது பார்க்காதவர்கள் பார்க்காதவர்களுடன் செய்துகொள்ளும் வியாபாரம். 1984இல் சௌந்திரபாண்டியனின் மகன் எஸ். விஜயன் பதின்ம வயதிலேயே லயன் காமிக்ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் வந்தது. பேருந்து நிலையக் கடைகளில் கயிற்றில் தொங்கவிட்டு விற்ற காலம் அது. சேலமானாலும் ராசிபுரமானாலும் புரட்டிப் பார்த்துச் சில்லறை கொடுத்து வாங்கலாம். பிறகு தொலைக்காட்சி வந்தது, கடைகள் குறைந்தன, 2005இல் ராணி காமிக்ஸ் நின்றது, லயனும் முத்துவும்கூட எப்போதாவது ஓர் இதழ் என்று சுருங்கின. 2012 ஜனவரியில் 100 ரூபாய் விலையில் ‘கம்பேக் ஸ்பெஷல்’ வந்தது. அதன் பிறகு அந்தத் தொழில் எழுந்து நின்றது கடைகளை நம்பி அல்ல, சந்தாவையும் முன்பதிவையும் நம்பி. நாமக்கல்லில் ஒருவர் ஆண்டுத் தொடக்கத்தில் பணம் கட்டுகிறார். அப்போது அந்த ஆண்டின் புத்தகங்களில் பல அச்சாகியிருக்காது, சில மொழிபெயர்க்கப்பட்டே இருக்காது. 2015இல் வந்த ‘மின்னும் மரணம்’ போன்ற பெரிய தொகுப்புகள் இப்படி முன்பணம் கட்டியவர்களை நம்பியே அச்சுக்குப் போனவை. கட்டியவர் கண்ணுக்குப் பதிப்பாளர் தெரிவதில்லை, பதிப்பாளர் கண்ணுக்கு வாசகர் தெரிவதில்லை. கிளாக்கனின் மோதிரத்தை இரண்டு பக்கமும் போட்டுக்கொண்ட வியாபாரம் இது. அவன் கணக்குப்படி ஓராண்டுக்குமேல் தாங்கியிருக்கக் கூடாது.

தாங்கியதன் காரணத்தை அந்த இதழ்களின் பக்கங்களிலேயே பார்க்கலாம். லயனில் ‘ஹாட்லைன்’ என்ற ஆசிரியர் பக்கம் உண்டு. அடுத்து என்ன வருகிறது என்பதோடு, ஏன் தாமதமானது, காகிதம் என்ன விலை, எந்தத் தொடர் விற்கவில்லை என்பதெல்லாம் அங்கே பேச்சாகும். வாசகர் கடிதங்கள் ஊர்ப்பெயரோடு வரும். மொழிபெயர்ப்பில் ஒரு சொல் உறுத்தினால்கூட அதைச் சுட்டி எழுதுவார்கள். ஆகஸ்டில் ஈரோட்டில் நடக்கும் புத்தகத் திருவிழா பல ஆண்டுகளாக இந்த வாசகர்கள் ஒன்றுகூடும் இடமாகவும் இருந்துவருகிறது. இவை எதுவும் கண்காணிப்பு அல்ல. தணிக்கையாளர் இல்லை, பிணையும் இல்லை. ஒரு பெயர், ஓர் ஊர், ஒரு குறை, ஒரு மகிழ்ச்சி என்று கொஞ்சம் கொஞ்சமாக மறுபக்கத்தில் இருப்பவர் மனிதராகத் தெரிய ஆரம்பித்தார், அவ்வளவுதான். அடுத்தவர் பொருளையும் தன்னுடையதைப் போலப் பேணுவதே வாணிகம் என்று நடுவுநிலைமை அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வது அறிவுரையாக மட்டும் நின்றுவிடாமல் ஒரு நடைமுறையாகும் விதம் இது.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு. இதில் அறம் எங்கே வந்தது, இந்த ஆண்டு ஏமாற்றினால் அடுத்த ஆண்டு சந்தா வராது, பதிப்பாளர் தன் நலனைக் கருதியே ஒழுங்காக இருக்கிறார் என்று சொல்லலாம். ஓரளவு உண்மைதான். நடக்கிற வியாபாரம் தொடர்ந்து நடப்பதற்கு அந்தக் கணக்கு உதவும். ஆனால் நலிந்த காலத்தை அது விளக்காது. எப்போதாவது ஓர் இதழ் வந்துகொண்டிருந்த ஆண்டுகளில், லாபக் கணக்கு மட்டும் போட்டிருந்தால் இரண்டு பக்கமும் ஒதுங்கியிருக்கும். சிவகாசியில் அச்சுத் தொழிலுக்கு வேறு வேலை கிடைக்காமல் இல்லை, வாசகருக்கும் பொழுதுபோக்குக்குப் பஞ்சமில்லை. அப்படியும் ஒருவர் நிறுத்தாமல் இருந்தார், பலர் காத்திருந்தார்கள். அங்கே சுயநலத்தால் மட்டும் கட்டிவைக்க முடியாத ஓர் உறவு இருந்தது. அந்தக் கணக்குக்கூட எதிர்த்தரப்பு நினைவில் வைத்திருக்கும், வருத்தப்படும், மன்னிக்கும் என்பதை முதலில் ஏற்றுக்கொண்டால்தான் கூட்டவே வரும்.

இரண்டாவது மறுப்பு இன்னும் கசப்பானது. இதே காமிக்ஸ் உலகத்தில்தான் புதிதாக வந்த புத்தகத்தை ஸ்கேன் எடுத்து, பிடிஎஃப் கோப்பாக வாட்ஸ்அப்பிலும் டெலிகிராமிலும் சுற்றவிடுபவர்களும் இருக்கிறார்கள். அவர்களில் பலர் காமிக்ஸை உயிராக நேசிப்பவர்கள். அப்படியானால் பார்வை, உறவு என்பதெல்லாம் என்ன ஆயிற்று? இங்கே இரண்டைப் பிரித்துப் பார்க்க வேண்டும். எழுபதுகளில் வந்து மறுபதிப்பே காணாத ஓர் இதழை, மக்கிப்போகும் முன் ஒருவர் படமெடுத்து வைத்தால் அவரைத் திருடன் என்று சொல்ல எனக்கு மனம் வராது. அவர் அழியப்போகும் ஒன்றைக் காக்கிறார், யாருடைய வருமானமும் அதனால் போவதில்லை. இந்த மாதம் கூரியரில் வந்த புத்தகத்தைப் பரப்புவது வேறு. அதன் பின்னால் வெளிநாட்டுப் பதிப்பகத்துக்குக் கட்டிய உரிமைத்தொகை இருக்கிறது. பேச்சுக் குமிழுக்குள் தமிழ் அடங்குவதற்காக வாக்கியத்தை மூன்று முறை வெட்டி எழுதும் மொழிபெயர்ப்பாளரும், அதைக் கட்டத்துக்குள் பொருத்துகிற டி.டி.பி. ஊழியரும் இருக்கிறார்கள். பரப்புபவரின் கண்ணில் புத்தகம் படுகிறது, இவர்கள் படுவதில்லை. தன்னை யாரும் கண்டுபிடிக்க முடியாது என்பது அவருக்குத் துணிவைக் கொடுக்கலாம். ஆனால் செயலைச் சாத்தியமாக்குவது, இவர்கள் அவர் கண்ணுக்கு இல்லாமல் போய்விட்டதுதான். கதையை நேசிக்கிறவர் அதைச் செய்தவர்களைக் காண மறந்தால், அந்த நேசம் தூணை மட்டுமே பார்த்த இரணியனின் பார்வையோடுதான் சேரும். ஆகவே இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை உறுதிதான் செய்கிறது.

இதெல்லாம் ஒரு சிறு வட்டத்துக்குத்தான் பொருந்தும், தொழில் பெரிதானால் முகம் தெரியும் உறவு நிற்காது என்று கடைசியாக ஒருவர் கேட்கலாம். இதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். லட்சக்கணக்கானவர்களுக்கு விற்கும் நிறுவனத்தில் ஒவ்வொருவரையும் அறிவது நடக்காது. அங்கே சட்டமும் ரசீதும் நுகர்வோர் மன்றமும் வேண்டும், உடைந்ததை ஒட்டவைக்க அறுபதாம் படியும் வேண்டும். ஆனால் எல்லோரையும் நேரில் அறிந்தால்தான் எல்லோரையும் மனிதராக எண்ண முடியும் என்றில்லை. ஒருவரை உண்மையாகக் கண்டவருக்கு, காணாத மற்றவரும் அப்படித்தான் என்று நினைத்துப் பார்க்கும் பழக்கம் வரும். பக்தியும் இதைத்தான் கற்றுக்கொடுக்கிறது: ஒரு கோயிலில் ஓர் உருவத்தின் முன் நின்று பழகிய கண், வெளியே வந்த பிறகு எல்லா உயிரிடமும் அதைத் தேட வேண்டும். அது நடக்காவிட்டால் தரிசனம் பாதியில் நின்றுவிட்டது என்றே பொருள். ஒரு தொழில் வளர்ந்ததா என்று கேட்கும்போது, எத்தனை பிரதி விற்றது என்பதோடு, அது எத்தனை பேரை ஒருவருக்கொருவர் மனிதராகக் காட்டியது என்றும் கேட்க வேண்டும். அந்த இரண்டாவது கணக்கில், மாயாவியை முதல் சரக்காக வைத்துக் கடை விரித்த ஒரு சிவகாசிப் பதிப்பகம் தன்னைவிடப் பல மடங்கு பெரிய நிறுவனங்களைக் கடந்து நிற்கிறது. கடவுள் நம்மைப் பார்க்கிறாரா என்ற விவாதத்துக்கு முடிவு வரும் வரை நேர்மை காத்திருக்க வேண்டியதில்லை. நம் பணத்துக்கும் நம் பொருளுக்கும் மறுமுனையில் இருப்பவரை இன்றே நம்மால் பார்க்க முடியும், நம்மிடம் கேட்கப்படுவதும் அவ்வளவே.