குயவன் யார்?

குடம் ஒன்று தோன்றுவதற்கு மண் முதற்காரணம், தண்டசக்கரம் துணைக்காரணம், குயவன் நிமித்த காரணம் என்று மூன்றாகப் பிரித்துச் சொல்வது சைவ சித்தாந்திகளின் வழக்கம். இறைவனுடைய சிருஷ்டியை விளக்க எழுந்த இந்த நியாயத்தை மனிதர் செய்யும் காரியத்துக்கும் பிரயோகித்துப் பார்க்கலாமே என்று, அமெரிக்காவின் ஹெர்ட்ஸ் கம்பெனியின் கதையைப் படித்தபோது எனக்குத் தோன்றியது.

1918-இல் சிகாகோவில் வால்டர் ஜேக்கப்ஸ் என்னும் இளைஞர் ஒரு டஜன் ஃபோர்டு வண்டிகளோடு தொடங்கிய வாடகைக் கார் வியாபாரம், ஒரு நூற்றாண்டுக்குள் பல தேசத்து விமான நிலையங்களில் கடை விரித்துவிட்டது. ஆகவே 2020-இல் கொரோனாவுக்கு அஞ்சி விமானங்கள் தரையிறங்கி நின்றபோது, கார் கேட்டு வரவும் ஆளில்லை. ஏப்ரலில் வட அமெரிக்காவில் மட்டும் சுமார் 10,000 பேருக்கு வேலை போயிற்று. மே 22 அன்று கம்பெனி திவால் மனுவைத் தாக்கல் செய்தது.

நோய் சக்கரம், மறுப்பில்லை. மண்ணோ, முன்பே குழைத்து வைத்திருந்த சுமார் 1,900 கோடி டாலர் கடன். காரைக் கழுவித் துடைத்து நிறுத்தியவரும், மேஜைக்குப் பின்னால் நின்று சாவி கொடுத்தவரும் அந்தக் கடன் பத்திரத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். செய்தவனைச் சேர்வதே வினை என்றால், பிறர் செய்தது இவர்களைச் சேர்ந்ததை எந்தப் பிறவிக் கணக்கில் பற்று எழுதுவது? பூர்வ ஜன்ம பலன் என்பார் உண்டு. அடுத்த வீட்டுத் துன்பத்துக்கு அந்த வார்த்தையைச் சொல்ல நா எவ்வளவு சுலபமாகப் புரள்கிறது!

இனிக் குயவன். சட்டத்தின் கண்ணுக்குக் கம்பெனியும் ஒரு புருஷன். ஆத்மா இல்லாத புருஷனாகையால் வினை அவனைப் பற்றாது என்று வாதிக்கலாம். நானும் இணங்கியிருப்பேன். ஆனால் மனுவுக்குச் சில நாள் முன்புதான், விட்டுப் போகாமல் இருப்பதற்கென்று அதிகாரிகள் 340 பேருக்கு 1 கோடியே 62 லட்சம் டாலர் வழங்கப்பட்டிருந்தது. கடையை நடத்தத் தெரிந்தவர்களை இருத்திக்கொள்வது கடன் கொடுத்தவர்களுக்கும் அனுகூலம் என்ற சமாதானத்தில் நியாயம் இல்லாமல் இல்லை; ஆயினும் யாரை இருத்துவது, யாரை அனுப்புவது என்று சக்கரம் தானாக நிச்சயிப்பதில்லை.

2021 ஜூன் 30 அன்று, நைட்ஹெட், செர்டாரிஸ் என்ற முதலீட்டாளர்களின் துணையோடு கம்பெனி திவாலிலிருந்து எழுந்தது. இத்தகைய வழக்குகளில் வெறுங்கையோடு திரும்புவதே வழக்கமான பழைய பங்குதாரர்களுக்கும் 100 கோடி டாலருக்கு மேல் கிடைத்தது; அந்தக் குடத்தை வனைந்த குயவர்களைக் கண்டுபிடிப்பதில் யாருக்கும் சிரமம் இருக்கவில்லை.