குதிரைகளுக்கு நீர் காட்டிய பெருமான்

ஸ்ரீமந் நாராயணனுக்குத் திருநாமங்கள் ஆயிரம். அவற்றுள் பரத்துவத்தைக் காட்டுவன சில. ஸௌலப்யத்தைக் காட்டுவன சில. கோபாலன் என்னும் திருநாமம் பசுக்களை மேய்த்துக் காத்தவன் என்று பொருள்படும். பார்த்தசாரதி என்னும் திருநாமம் பார்த்தனுக்குத் தேரோட்டியவன் என்று பொருள்படும். பிரமனும் காணவொண்ணாத பரம்பொருள் ஒரு தொழிலை மேற்கொண்டு, அத்தொழிலின் பெயராலேயே அழைக்கப்படுவதை உகந்திருக்கிறான் என்பது, உழைத்து உண்ணும் மக்கள் ஊன்றி எண்ண வேண்டிய செய்தியாகும்.

சென்னைத் திருவல்லிக்கேணியில் உற்சவரை ஸேவிப்போர் அவன் திருமுகத்தில் வடுக்களைக் காண்பர். பாரதப் போரில் பீஷ்மர் எய்த அம்புகளின் தழும்புகள் அவை என்பது பெரியோர் வழக்கு. தேரில் சாரதியின் இருக்கை முன்புறம் அமைந்தது. வீரனை நோக்கி வரும் அம்பு முதலில் சாரதி மேல் படும். தொழிலால் உண்டாகும் காயத்தை எம்பெருமான் அறியாதவன் அல்லன். அதைத் திருமுகத்திலேயே ஆபரணமாகத் தரித்து நிற்பவன். ஆகவே உழைத்துக் களைத்தவர்கள் தம் களைப்பை விண்ணப்பம் செய்வதற்கு அவன் சந்நிதியினும் ஏற்ற இடம் வேறில்லை.

உழைப்பின் ஊர்

திருப்பூரிலிருந்து அவிநாசி செல்லும் சாலையில் அமைந்த அனுப்பர்பாளையம் பாத்திரத் தொழிலால் பெயர் பெற்ற ஊர். செம்பு, பித்தளை, எவர்சில்வர் ஆகியவற்றைக் குடமாகவும் அண்டாவாகவும் தவலையாகவும் உருவாக்கும் பட்டறைகள் இங்கு உண்டு. சுற்றிலும் பனியன் கம்பெனிகள். வெட்டுவோர், தைப்போர், பிசிறு நீக்குவோர், இஸ்திரி போடுவோர், பெட்டியில் அடுக்குவோர் எனப் பல்லாயிரவர் நாள்தோறும் இவற்றில் உழைக்கின்றனர். தென் மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வந்து தங்கியவர்களும் இவர்களுள் உண்டு. திருவிழாவில் பெருமாளை ஸேவிக்க நிற்கும் கைகளில் சுத்தியல் பிடித்துக் காய்த்த கைகளும், நாள் முழுதும் துணியைத் தள்ளித் தேய்ந்த விரல்களும் நிறைந்திருக்கின்றன.

இந்த வட்டாரம் கண்ட சோதனைகள் சில அல்ல. 1984-ஆம் ஆண்டில் பஞ்சப்படி கோரிப் பனியன் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் 127 நாட்கள் நீடித்தது. நொய்யல் ஆறு மாசுற்றதன் காரணமாக, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி சாயப்பட்டறைகள் மூடப்பட்டன. 2020-இல் கொள்ளை நோய் வந்தபோது எந்திரங்கள் ஓய்ந்தன. பிழைக்க வந்தவர்கள் மூட்டை முடிச்சுகளுடன் ஊர் திரும்பினர். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 விழுக்காடு வரி சுமத்தியபோது, ஏற்றுமதியை நம்பியிருந்த கம்பெனிகள் கலங்கின.

ஒவ்வொரு முறையும் ஊர் எழுந்து நின்றது. இது போற்றத்தக்கது. எனினும் ஊர் எழுந்தபோது ஒவ்வொரு வீடும் எழுந்ததா என்று கேட்பதும் தர்மமே. ஷிப்மெண்ட் நாள் நெருங்கும்போது காலை எட்டரைக்கு அமர்ந்தவர் இரவு எட்டரைக்கு எழுகிறார். ஒன்றரை ஷிப்டு என்று அதற்குப் பெயர். சில நாட்களில் அதற்கு மேலும் நீள்கிறது. விடியற்காலை எழுந்து சமைத்துப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு வரும் பெண்ணுக்கு வீடு திரும்பிய பின் இன்னொரு ஷிப்டு காத்திருக்கிறது. இத்தகைய களைப்பைப் பற்றி சாஸ்திரம் என்ன சொல்கிறது? பதில் குருக்ஷேத்திரத்தின் நடுவிலேயே கிடைக்கிறது.

களத்தின் நடுவே ஒரு குளம்

போரின் பதின்மூன்றாம் நாள் அபிமன்யு பத்மவியூகத்தில் மாண்டான். மறுநாள் சூரியன் மறைவதற்குள் ஜயத்ரதனைக் கொல்வேன், இல்லையேல் தீப்புகுவேன் என்று அர்ஜுனன் சபதம் செய்தான். துரோணரோ ஜயத்ரதனை வியூகத்தின் கடைக்கோடியில் மறைத்து வைத்தார். இடையில் இருந்தது கடல் போன்ற சேனை. பொழுது சாய்வதற்குள் அதைப் பிளந்து செல்ல வேண்டும். உலகில் கெடு வைத்து வேலை செய்தவர்களுள் அன்றைய அர்ஜுனனைப் போல் நெருக்கடியில் இருந்தவர் வேறொருவர் இருக்க முடியாது.

போர் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும்போது அவனுடைய வெண்குதிரைகள் தளர்ந்தன. உடலெங்கும் அம்புகள் தைத்திருந்தன, தாகம் வாட்டியது. ஜயத்ரதனோ இன்னும் தொலைவில் இருந்தான். இந்நிலையில் குதிரைகளை அவிழ்த்து விட்டு, அவற்றின் உடலில் உள்ள அம்புகளைக் களைய வேண்டும் என்று அர்ஜுனனே கூறினான். கண்ணன் தன் கருத்தும் அதுவே என்றான். சவுக்கை ஓங்குவோம் என்று இருவரும் நினைக்கவில்லை. நேரமில்லை என்றும் சொல்லவில்லை.

அர்ஜுனன் தேரினின்றும் இறங்கித் தரையில் நின்று தனியொருவனாகச் சேனையைத் தடுத்தான். குதிரைகள் பருக இங்கு நீரில்லையே என்று கண்ணன் கூற, பாணத்தால் பூமியைப் பிளந்து ஒரு குளத்தை உண்டாக்கினான். அம்புகளாலேயே ஒரு கூடமும் சமைத்தான். சராசரங்களுக்கெல்லாம் நாயகனான கண்ணன் நுகத்தடியிலிருந்து குதிரைகளை விடுவித்தான். தன் திருக்கைகளால் அம்புகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். காயங்களைத் தடவி உடலைத் தேய்த்துவிட்டான். நீர் காட்டினான், குளிப்பாட்டினான், புல் மேயவிட்டான். களைப்பு நீங்கியது கண்ட பிறகே மறுபடியும் நுகத்தில் பூட்டினான். இளைப்பாறிய குதிரைகள் முன்னிலும் வேகமாகப் பாய்ந்தன. பொழுது சாயும் முன் ஜயத்ரதன் வீழ்ந்தான். இது துரோண பர்வத்தில் வியாசர் அருளிய சரிதம்.

முதலில் அம்பு, பிறகு ஆறுதல்

இச்சரிதத்தில் கண்ணன் செய்த காரியங்களின் வரிசையை உற்று நோக்குதல் வேண்டும். குதிரைகளைத் தட்டிக்கொடுத்து, பொறுமையோடிருங்கள், மனத்திடம் கொள்ளுங்கள் என்று அவன் உபதேசம் செய்யவில்லை. முதலில் நுகத்தை இறக்கினான். அடுத்து அம்பைப் பிடுங்கினான். அதன் பின்னரே தடவிக்கொடுத்தான். அம்பு தைத்த உடலுக்கு ஆறுதல் மொழி மட்டும் கூறுவது தயை ஆகாது.

தொழில் நடத்துவோர் கைக்கொள்ள வேண்டிய தர்மம் இதில் அடங்கியிருக்கிறது. ஆயுத பூஜைக்குப் பொரியும் கடலையும் வழங்குவது நன்று. ஆயினும் காற்றோட்டமில்லாத கூடம், உட்காரவொண்ணாத ஆசனம், குடிநீரும் கழிவறையும் இல்லாமை, சனிக்கிழமை வர வேண்டிய சம்பளம் தள்ளிப்போதல், பலர் முன்னிலையில் கேட்கும் வசைச்சொல் ஆகியவை உடலிலும் உள்ளத்திலும் தைத்த அம்புகள். அவற்றைக் களைந்துவிட்டுத் தைரியம் சொன்னால் அது காதில் விழும்.

பலனில் பற்று வைக்காமல் கடமையைச் செய்க என்னும் கீதோபதேசத்தைக் கூலி கேட்பவனுக்கு விடையாகச் சொல்வாரும் உண்டு. அது உபதேசத்தின் இடம் அறியாத பேச்சு. உழைப்பவன் கூலியை மறக்கட்டும் என்பதற்காகப் பகவான் அதை அருளவில்லை. மேலும், அந்த உபதேசத்தைச் செய்தவன் தானே முன்னால் அமர்ந்து அம்பேற்றவன். குதிரைக்கும் நேரத்தில் நீர் காட்டியவன். அவ்வாறு செய்பவருக்கே அதைப் பிறருக்குச் சொல்லும் யோக்கியதை உண்டு.

முதலாளிக்கும் நெருக்கடி உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. கெடு நாளைக் குறிப்பவன் கடல் கடந்த வியாபாரி. நூல் விலை ஏறுகிறது. வங்கிக் கடன் நிற்கிறது. இரவில் உறங்காத முதலாளிகளும் இவ்வூரில் பலர். அவர்களும் அர்ஜுனனைப் போல் சபதத்தில் கட்டுண்டவர்களே. ஆனால் நிறுத்துக என்று சொன்னவன் அந்த அர்ஜுனனே அல்லவா? இளைப்பாறும் நேரத்தை இழந்த நேரமாக அவன் எண்ணவில்லை.

பட்டறை அறிந்த உண்மை

இவ்வுண்மையை அனுப்பர்பாளையத்துப் பாத்திரத் தொழிலாளி சாஸ்திரம் படியாமலே அறிவார். செம்புத் தகட்டையும் பித்தளைத் தகட்டையும் அடிக்க அடிக்க அவை இறுகும். இறுகிய தகட்டை மேலும் அடித்தால் வெடிப்பு காணும். ஆகவே அதை உலையில் சிவக்கக் காய்ச்சி ஆறவிடுவர். இளகிய பின்பே மறுபடியும் சுத்தியல் விழும். அடி தாங்கும் தன்மை அடியினால் மட்டும் வருவதன்று. இடையிடையே இளக விடுவதாலேயே நிலைபெறுகிறது. உலோகத்துக்கு அறிந்து செய்யும் இவ்வுபகாரத்தை உடலுக்கும் செய்ய வேண்டாவா?

1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் வாரத்துக்கு 48 மணி என்றும், ஐந்து மணி உழைப்புக்குப் பின் அரை மணி ஓய்வு என்றும், மிகுதி நேரத்துக்கு இரட்டைக் கூலி என்றும் விதித்தது இக்கருத்தினாலேயே. உலக சுகாதார நிறுவனமும் சர்வதேசத் தொழிலாளர் நிறுவனமும் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, வாரத்துக்கு 55 மணி அல்லது அதற்கு மேல் உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி உழைப்பவர்களைக் காட்டிலும் பக்கவாதம் வரும் அபாயம் 35 விழுக்காடும், இருதய நோயால் மரணம் நேரும் அபாயம் 17 விழுக்காடும் அதிகம் என்று கூறிற்று. நாள்தோறும் ஒன்றரை ஷிப்டு என்றால் அந்த 55 மணி வெள்ளிக்கிழமைக்குள்ளேயே நெருங்கிவிடும்.

தன் கைங்கர்யத்திலும் சுமை குறைத்தவன்

இறைத்தொண்டில் மட்டும் களைப்பைக் கருதலாகாது என்பாருக்கும் ஒரு சரிதம் உண்டு. ஸ்வாமி ராமாநுஜருக்கு மாதுலரும், அவருக்கு ஸ்ரீராமாயணப் பொருள் உரைத்த ஆசார்யருமான பெரிய திருமலை நம்பி, திருவேங்கடமுடையானின் திருமஞ்சனத்துக்கு நாள்தோறும் பாபவிநாசத்திலிருந்து தீர்த்தம் சுமந்து வந்தார். முதுமையிலும் அந்த நியமத்தை விடவில்லை. ஒருநாள் பெருமாள் வேடன் உருவில் வந்து, தாதா என்றழைத்துத் தாகத்துக்கு நீர் கேட்டான். அது பெருமாளுக்குரிய தீர்த்தம் என்று நம்பி மறுத்துவிட்டு நடக்க, வேடன் பின்னிருந்து குடத்தைத் துளைத்து நீரைப் பருகினான். நம்பி கலங்கி நின்றபோது மலையில் ஓர் அம்பு எய்து அருகிலேயே ஆகாசகங்கையைப் பெருகச் செய்து, இனி இதிலிருந்து கொணர்க என்று பணித்து மறைந்தான்.

பெருமாள் நம்பியின் கைங்கர்யத்தை நிறுத்தவில்லை; அது நம்பியின் உயிர் மூச்சு என்பதை அறிவான். நடையின் தூரத்தை மட்டும் குறைத்தான். தனக்கே செய்யப்படும் தொண்டிலும் அடியவனின் முதிய கால்களைக் கருதிய பெருமாள், பிறரிடம் வேலை வாங்குவோர் அவ்வாறு கருத வேண்டும் என்று திருவுள்ளம் கொள்ளாதிருப்பானோ?

உழைப்பவர் கொள்ள வேண்டிய உறுதி

உழைப்பவர்க்கும் கடமை உண்டு. ஸ்ரீகீதையின் ஆறாம் அத்தியாயத்தில் பகவான் யோகத்துக்குப் படியாக அளவை வைத்தான். ஊண், உறக்கம், உழைப்பு ஆகிய மூன்றும் அந்த அளவுக்குள் அடங்கும். காலை உணவை விட்டுவிட்டுத் தேநீராலேயே பொழுதைப் போக்குவதும், களைப்பை மதுவால் மறைப்பதும், கிடைத்த விடுமுறையிலும் வேறிடம் சென்று உழைப்பதும் அளவு கடந்த செயல்கள். மது அம்பைப் பிடுங்குவதில்லை. அம்பு தைத்திருப்பதைச் சற்றே மறக்கச் செய்கிறது. அதற்குள் புண் ஆழமாகிறது.

மனம் முறிந்தோருக்கு அனுமன் சரிதம் மருந்து. இலங்கை முழுதும் தேடியும் பிராட்டியைக் காணாத அவன், உயிரை விட்டுவிடலாமோ என்றுகூட எண்ணினான். அத்தகைய மாவீரனுக்கும் அந்த எண்ணம் வந்தது. ஆகவே அந்த எண்ணம் வருவது இழிவன்று. அதிலேயே தங்கிவிடுவதே அபாயம். உயிரோடிருப்பவனுக்கே நன்மை வாய்க்கும் என்று தெளிந்து, அவன் தேடாமல் விட்ட அசோகவனத்தை நோக்கினான். பிராட்டி அங்கே இருந்தாள். சோர்வுறாமையை வடமொழியில் அநிர்வேதம் என்பர். சோர்வே வராதிருப்பது அதன் பொருளன்று. வந்த சோர்வைக் கடந்து, இன்னும் பார்க்காத ஓரிடம் உண்டு என்று எழுவதே அநிர்வேதம்.

தனியே எழ இயலாதவர் பிறர் கையைப் பற்றுவதில் வெட்கமில்லை. குதிரை தன் மேல் தைத்த அம்பைத் தானே பிடுங்கிக்கொள்ள இயலாது. வீட்டாரிடமும் உடன் உழைப்போரிடமும் வாய்விட்டுச் சொல்லுதல் வேண்டும். மனநலத்துக்கென அரசு அமைத்த 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றிப் பேசலாம். பக்கத்து எந்திரத்தில் இருப்பவர் சில நாட்களாகப் பேச்சற்று, உணவைத் தொடாமல் இருக்கக் கண்டால், என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்பதும் பகவத் கைங்கர்யமே.

விடாயாற்றி

திருக்கோயில்களில் உற்சவம் முடிந்ததும் விடாயாற்றி நடைபெறுவதைச் சேவார்த்திகள் அறிவர். விடாய் என்றால் தாகம், களைப்பு. வாகனங்களில் ஏறி வீதிகளில் எழுந்தருளிய பெருமாளுக்கு இளைப்பாறுதல் உண்டு. களைப்பே இல்லாத பரம்பொருளுக்கு விடாயாற்றி எதற்கு? அவனைச் சுமந்தோரும், வடம் பிடித்தோரும், விளக்கேந்தினோரும், மடைப்பள்ளியில் நின்றோரும் களைத்திருப்பர் என்பதைக் கருதியே பெரியோர்கள் ஓய்வையும் உற்சவத்தின் ஓர் அங்கமாக அமைத்தனர் என்று கொள்ளலாம்.

இத்திருநாளில் ஸேவை செய்து திரும்பும் பட்டறைக்காரரும் பனியன் கம்பெனியாரும், தொழிலாளரும் முதலாளியும், இந்த அங்கத்தைத் தம் வாரத்திலும் தம் நாளிலும் அமைத்துக்கொள்வார்களாக. நுகத்தை இறக்கி, அம்பைக் களைந்து, நீர் காட்டிய திருக்கைகள் இவ்வூரில் உழைக்கும் கைகளுக்கெல்லாம் ரக்ஷையாக விளங்குவனவாக.

சுபமஸ்து.