பூ மலரும் நாள்



எல்லாம் அநித்தியம் என்று நாம் நாடோறும் ஓதுகிறோம். ஓதுதல் எளிது, கண்ணால் கண்டு தெளிதல் அரிது. அவ்வாறு காணும் வழியை ஜப்பான் தேசத்துப் பழைய தலைநகராகிய கியோத்தோ நமக்குக் காட்டுகின்றது.

அங்கே குளிர்காலம் கழிந்து இளவேனில் பிறக்கும்போது சகுரா மரங்கள் பூத்து நிறைகின்றன. நிறைந்த பூ ஏறக்குறைய ஒரு வாரமே நிற்கும். காற்றும் மழையும் வந்துற்றால் அதுவும் இல்லை. கி.பி. 9ஆம் நூற்றாண்டு முதலாக அந்நகரத்து அரசவையோரும் பிக்குகளும் தத்தம் நாட்குறிப்புகளில் அப்பூ மலர்ந்த நாளைக் குறித்து வந்தனர். பூவைக் கண்டு மகிழ்ந்தோர் எண்ணிலர். நாளைக் குறித்து வைத்தோர் சிலரே. அச்சிலருடைய விழிப்பினாலேயே 1,200 ஆண்டுக் கணக்கு இன்று உலகத்தார் கையில் இருக்கின்றது.

அம்மரம் மலர்வது எங்ஙனம்? பூவுக்குரிய அரும்பு முந்திய கோடையிலேயே தோன்றிப் பின்னர் உறங்குகின்றது. குளிர்காலத்துக் குளிர் அவ்வுறக்கத்தைக் கலைக்கின்றது. அதன்பின் வரும் வெப்பம் அதனை விரிக்கின்றது. குளிரின்றி விழிப்பில்லை, வெப்பமின்றி மலர்ச்சியில்லை. ததாகதர் அருளிய சார்பில் தோற்றம் ஏட்டில் மட்டும் உள்ளதன்று. ஒரு கிளையின் நுனியிலும் உள்ளது.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அப்பூ பெரும்பாலும் ஏப்ரல் மாத நடுவில் நிறைந்தது. 2021ஆம் ஆண்டிலோ மார்ச் 26ஆம் நாளிலேயே நிறைந்துவிட்டது. அதற்கு முன் கிடைத்த குறிப்புகள் எவற்றிலும் இத்துணை முந்திய நாள் இல்லை. நகரம் பெருகியதால் எழுந்த வெப்பமும், நிலக்கரியும் எண்ணெயும் எரித்து மனிதர் வானில் சேர்த்த கரியமில வாயுவால் மிகுந்த வெப்பமும் இதற்குக் காரணங்கள்.

இங்கே ஒருவர் வினவலாம்: "எல்லாம் மாறும் என்பதுதானே தம்மம்? பூ மலரும் நாளும் மாறினால் நாம் கவலுவானேன்?" இது தம்மம் அன்று, சோம்பலுக்குத் தம்மத்தின் ஆடையை உடுத்துவதாகும். பூ உதிர்வது அநித்தியம்; அதனை எவராலும் தடுத்தல் இயலாது. மலரும் நாள் முந்துவதோ நம் செயலாலும் விளைந்தது. செயலால் விளைந்ததைச் செயலால் தணிக்கலாம். எது நிகழினும் விதியென்று வாளா இருக்கும் வழக்கத்தை நாம் தம்மத்தைத் தழுவிய நாளிலேயே துறந்தோம் அல்லமோ? காரணத்தை நாடுவோர்க்கே விடுதலை உண்டு.

மழைக்காலத்தில் பிக்குகள் ஓரிடத்தே தங்குக என்று பகவான் விதித்ததும் இந்நோக்கினாலேயே. பசும்புல்லும் சிற்றுயிர்களும் நடப்போர் காலடியில் நசுங்குவதை மக்கள் எடுத்துரைத்தனர்; அவர் செவிசாய்த்தார். பருவத்தை நோக்கினார், காரணத்தை உணர்ந்தார், நடையை மாற்றினார். நோக்குதல், உணர்தல், ஒழுகுதல் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று பிரியா.

ஆதலால், அன்பர்களே, நம் வாயிலில் நிற்கும் மரம் பூத்த நாளையும், முதல் மழை மண்ணை நனைத்த நாளையும் இவ்வாண்டு முதல் ஒரு சுவடியில் குறித்து வைப்போம். நம் மக்களும் மக்களின் மக்களும் அதனைத் தொடர்ந்து எழுதட்டும். விழிப்போடு காண்பதே தியானத்தின் தொடக்கம். கண்டதற்கேற்ப நடப்பதே சீலம்.

சகல உயிர்களும் நலமுறுக!