பத்தியம் இல்லாத மூலிகை

"அண்ணே, களைப்புக்கு ஏதாச்சும் மூலிகை மாத்திரை இருக்கா? சைட் எஃபெக்ட் இல்லாததா பார்த்துக் குடுங்க."

மேருவில் ஒரு மருந்தகத்தில் வேலை பார்க்கும் என்னிடம் அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். கேட்பவர்கள் வயதானவர்கள் இல்லை. பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் முடித்து வரும் தம்பிகள், கிள்ளான் துறைமுகத்துக்கு லாரி ஓட்டுபவர்கள், எஸ்.டி.பி.எம். எழுதப் போகும் தங்கைகள். சிலருக்குத் தெம்பு வேண்டும். சிலருக்குப் படித்தது மனதில் நிற்க வேண்டும். பலருக்கு டென்ஷன் குறைந்து ராத்திரி தூக்கம் வந்தாலே போதும்.

இதில் இரண்டு கேள்விகள் சேர்ந்து கிடக்கின்றன. அந்த மூலிகை வேலை செய்யுமா என்பது மருத்துவக் கேள்வி. உடம்பு "போதும்" என்று சொல்லும்போது ஒரு மாத்திரையைப் போட்டு அதன் வாயை அடைக்கலாமா என்பது தர்மக் கேள்வி. முதல் கேள்வியைக் கேட்கிற நாம் இரண்டாவதைக் கேட்பதே இல்லை.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். மூலிகை பொய் இல்லை. தோட்டத்தில் வாழ்ந்த நம் பாட்டிமார் துளசியையும் சுக்கையும் வைத்துப் பிள்ளைகளை வளர்த்தார்கள். நம் வல்லாரையை மலாய்க்காரர்கள் பெகாகா என்று இன்றும் உலாமாகச் சாப்பிடுகிறார்கள். அஸ்வகந்தா என்று பாட்டிலில் விற்பது நம் அமுக்கராக் கிழங்குதான். குதிரை வாடை அடிப்பதால் அந்த வடமொழிப் பெயர். எட்டு முதல் பன்னிரண்டு வாரம் வரை நடந்த சில சிறிய ஆய்வுகளில் அது மன அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்து, தூக்கத்தையும் சற்று மேம்படுத்தியிருக்கிறது. நீர்ப்பிரமி ஞாபக சக்திக்கு ஓரளவு உதவலாம் என்று காட்டிய ஆய்வுகளில் பெரும்பாலும் பன்னிரண்டு வாரம் கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஆகவே தங்கைகளே, பரீட்சைக்கு முந்தின வாரம் டப்பா வாங்குவது காசுக்குத்தான் கேடு.

ஆனால் வேலை செய்யும் எதுவும் தீங்கும் செய்யக்கூடும். "இயற்கைதானே, என்ன ஆகப் போகுது?" என்பவர்களுக்கு மா ஹுவாங் செடியின் கதையைச் சொல்வேன். சீன மருத்துவத்தில் இருமலுக்கும் மூச்சுத்திணறலுக்கும் நெடுங்காலமாகக் கொடுத்து வந்த செடி அது. அதில் எஃபெட்ரின் இருக்கிறது. அமெரிக்காவில் அதை எடுத்து, எடை குறைய, தெம்பு கூட என்று மாத்திரையாக விற்றார்கள். 2003 பிப்ரவரியில் ஸ்டீவ் பெக்லர் என்ற 23 வயது பேஸ்பால் ஆட்டக்காரர் பயிற்சியின்போது உடல் சூடேறிச் சுருண்டு விழுந்து மறுநாள் இறந்தார். அவர் சாப்பிட்ட எஃபெட்ரா மாத்திரைக்கும் அதில் பங்கு உண்டு என்று பிரேதப் பரிசோதனை செய்தவர் சொன்னார். 2004இல் அமெரிக்கா அந்த மாத்திரைகளைத் தடை செய்தது. நோயாளியைப் பார்த்து, அளவு பார்த்துக் கொடுத்த மருந்தை யாரையும் பார்க்காமல் எல்லாருக்கும் விற்றதால் வந்த வினை அது.

நம் பக்கமும் சுத்தமில்லை. அதே 2004இல் பாஸ்டன் வட்டாரக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தபோது 14இல் ஈயம், பாதரசம், ஆர்செனிக் போன்றவை இருந்தன. மலேசியாவிலோ, பாரம்பரிய மருந்து என்று விற்கப்படும் சிலவற்றில் லேபிளில் சொல்லாத ஆங்கில மருந்துகளைச் சுகாதார அமைச்சு அடிக்கடி கண்டுபிடிக்கிறது. ஆண்களுக்கான தெம்புக் காப்பியில் தடலாஃபில். மூட்டுவலிக்கான மாத்திரையில் டெக்ஸாமெதசோன். "ரெண்டே நாள்ல வலி போச்சு, நல்லா பசிக்குது" என்று ஒருவர் சொன்னால் எனக்குச் சந்தோஷம் வராது, சந்தேகம்தான் வரும். டெக்ஸாமெதசோன் அப்படித்தான் வேலை செய்யும். மாதக்கணக்கில் போட்டால் முகம் ஊதும், சர்க்கரை ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து.

அடுத்து வருவது, "இது நம்ம ரிஷிகளும் சித்தர்களும் குடுத்தது" என்ற வாதம். இந்து இளைஞர்களாகிய நாம் இதில்தான் சுலபமாக விழுகிறோம். அந்தப் பெருமை எனக்கும் உண்டு. அதனாலேயே கேட்கிறேன், அவர்கள் கொடுத்தது முழுவதையும் நாம் வாங்கிக்கொண்டோமா?

சித்த வைத்தியர் நாடி பார்ப்பார். பசி எப்படி, மலம் எப்படி, தூக்கம் எப்படி என்று கேட்பார். பிறகுதான் மருந்து. அதைப் பாலில் சாப்பிடு, தேனில் சாப்பிடு, வெந்நீரில் சாப்பிடு என்று அனுபானம் சொல்வார். எத்தனை நாள் என்று கணக்குச் சொல்வார். கடைசியில் பத்தியம். இதைத் தின்னாதே, ராத்திரி கண் விழிக்காதே, இத்தனை நாள் வாயைக் கட்டு. மருந்து தன் வேலையைச் செய்யும், நோயாளியும் தன் வேலையைச் செய்ய வேண்டும். பாட்டிலில் வரும் மாத்திரை நம்மிடம் அப்படி எதையும் கேட்பதில்லை. மாமாக் கடையில் இரவு ஒரு மணிவரை உட்கார்ந்துவிட்டு வந்தாலும் அது கோபிக்காது. மூலிகையை எடுத்துக்கொண்டு பத்தியத்தை விட்டுவிட்டோம். மரபில் பாதியை வைத்துக்கொண்டு முழுப் பெருமை பேசுகிறோம்.

திருக்குறளில் மருந்து என்று ஓர் அதிகாரமே இருக்கிறது. அதில் 942 முதல் 947 வரை ஆறு குறள்களும் பசியையும் சாப்பாட்டின் அளவையும் பற்றியே பேசுகின்றன. வைத்தியர் அதற்குப் பிறகுதான் வருகிறார். கீதையின் ஆறாம் அத்தியாயத்தில் கண்ணன் உணவிலும் உறக்கத்திலும் விழிப்பிலும் அளவோடு இருப்பவனுக்குத்தான் யோகம் கைகூடும் என்கிறான். வால்மீகி ராமாயணத்தில் அனுமனே மூலிகையை அடையாளம் தெரியாமல் மலையோடு தூக்கி வருகிறான். எது என்று பார்த்து எடுத்து, அரைத்துக் கொடுத்தவன் சுஷேணன் என்ற வைத்தியன். கடலைத் தாண்டிய அனுமனுக்கே "எனக்குத் தெரியாது" என்று ஒதுங்கி நிற்கத் தெரிந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த செய்தியை நம்பி நாம் அம்மாவுக்கு மருந்து சொல்கிறோம்.

இனி அந்தத் தர்மக் கேள்விக்கு வருகிறேன். எங்கள் பக்கத்தில் ஒரு தம்பி, 26 வயது, லாரி ஓட்டுபவர். மாதம் 180 ரிங்கிட்டுக்குத் தெம்பு மாத்திரை வாங்கினார். ஆறு மாதம் கழித்துத்தான் ரத்தம் சோதித்தார். சர்க்கரை 16. களைப்பு என்று அவர் நினைத்தது நீரிழிவு. 2019 தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு உண்டு. இந்தியர்களிடையேதான் அது மிக அதிகம். ஆக நம் வீட்டுப் பிள்ளை "களைப்பா இருக்கு" என்றால் அது ஒரு செய்தி. சர்க்கரையாக இருக்கலாம், ரத்தசோகையாக இருக்கலாம், தைராய்டாக இருக்கலாம், யாரிடமும் சொல்ல முடியாத மனக்கவலையாகவும் இருக்கலாம். வந்த கடிதத்தைப் பிரிக்காமலே கிழித்துப் போடுவது எவ்வளவு தவறோ, களைப்பைக் கேட்காமல் அமுக்குவதும் அவ்வளவு தவறு. உடம்பைக் கோயில் என்று சொல்லும் சமயம் நம்முடையது. கோயில் மணி அடித்தால் ஏன் அடிக்கிறது என்றாவது போய்ப் பார்ப்போம் அல்லவா?

இதற்கு ஒரு நியாயமான மறுப்பு உண்டு. "அண்ணே, நீங்க சொல்றது சரி. ஆனா ஓ.டி. செய்யலன்னா வீட்டு வாடகைக்கு யார் குடுப்பா?" என்று ஒரு தம்பி என்னிடம் கேட்டார். நன்றாகத் தூங்கு என்று அவருக்கு உபதேசம் செய்வது எனக்குச் சுலபம், அவருக்குக் கஷ்டம். ஆனால் அவருக்கும் தெரிய வேண்டியது இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம்தான் என்கிறது. கூடுதல் நேர வேலைக்கும் மாதம் 104 மணி என்ற வரம்பு இருக்கிறது. அதை மீறும் முதலாளியைக் கேள்வி கேட்காமல் மாத்திரை போட்டு வேலைக்குப் போனால், அவருடைய தப்புக்கு நம் ஈரல் விலை கொடுக்கிறது. பத்தியத்தைத் தனி ஆளால் மட்டும் காக்க முடியாது. வீட்டில் டிவி சத்தத்தைக் குறைப்பது, அண்ணன் தூங்கும் பகலில் தம்பிமார் வேறு இடத்தில் விளையாடுவது, இதெல்லாமும் பத்தியம்தான்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட முடியாது. இந்த மாத்திரைகளை நமக்கு விற்பவர்களில் பலர் நம் சொந்தக்காரர்களே. நேரடி விற்பனையில் சேர்ந்த அத்தை, கோயில் மண்டபத்தில் அறிமுகமான அண்ணன். கூடுதல் வருமானம் தேடுவது தப்பில்லை. ஆனால் "இதைச் சாப்பிட்டா சுகர் மருந்தை நிறுத்திடலாம்" என்று சொல்வது பாவம், சட்டப்படி குற்றமும்கூட. நீரிழிவு, இரத்த அழுத்தம், புற்றுநோய் உட்பட 20 நோய்களைக் குணமாக்கும் என்று விளம்பரம் செய்வதை 1956ஆம் ஆண்டு மருந்து விளம்பரச் சட்டம் தடுக்கிறது. சொந்தம் என்பதற்காக வாயை மூடிக்கொண்டால் நாமும் அந்தப் பாவத்தில் பங்காளிகள்.

ஆகவே வாங்குவதற்கு முன் ஒரு நிமிடம் லேபிளைப் பாருங்கள். எம்.ஏ.எல். என்ற எழுத்து, அதன்பின் எட்டு இலக்கம், கடைசியில் ஓர் எழுத்து இருக்க வேண்டும். டி என்றால் பாரம்பரிய மருந்து. என் என்றால் சத்து மாத்திரை போன்றவை. அந்த எண்ணைத் தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனத்தின் இணையப் பக்கத்தில் சரிபார்க்கலாம். எண் இருந்தால் பாதுகாப்பையும் தரத்தையும் பார்த்திருக்கிறார்கள் என்று பொருள். நோய் தீரும் என்று பொருள் இல்லை. கர்ப்பிணிகளும் தைராய்டு, ஈரல் கோளாறு உள்ளவர்களும் அமுக்கராவைத் தவிருங்கள். அரிதாக ஈரலைப் பாதித்த சம்பவங்கள் பதிவாகியுள்ளன. டென்மார்க் 2023இல் அதைத் தடையே செய்துவிட்டது. வேறு மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரிடம் மூலிகையையும் சேர்த்துச் சொல்லுங்கள். "நம்ம நாட்டு மருந்துதானே" என்று மறைக்காதீர்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், இரண்டு வாரத்துக்கு மேல் களைப்பு நீடித்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்குக் கட்டணம் ஒரு ரிங்கிட். ரத்தம் சோதியுங்கள். முடிவு நன்றாக இருந்தால், தைப்பூசத்துக்கு விரதம் இருக்கிற அதே உறுதியோடு ஒரு மண்டலம், 48 நாள், இரவு பதினோரு மணிக்குக் கைப்பேசியை அணைத்துப் பாருங்கள். ஷிப்ட் வேலை என்றால் உங்கள் தூக்க நேரம் எதுவோ அந்த நேரத்தில் அணையுங்கள். அதற்குப் பிறகும் மூலிகை தேவைப்பட்டால், தெரிந்த வைத்தியரிடம் போய்ப் பத்தியத்தோடு வாங்கிச் சாப்பிடுங்கள்.