தீட்டும் தழும்பில்லாப் புண்ணும்

மாதவிடாய் உதிரத்தைத் தீட்டு என்று சொல்லும்போது, உடல் தன் அழுக்கை வெளியே தள்ளுகிறது என்ற எண்ணம் அதற்குள் இருக்கிறது. பைபிளின் லேவியராகமம் 15-ஆம் அதிகாரம் ஏழு நாள் விலக்கு வகுக்கிறது. தமிழ் வீடுகளில் ‘வீட்டுக்குத் தூரம்’ என்ற பேச்சு இன்னும் ஓயவில்லை. கருப்பைக்குள் நடப்பது இந்த எண்ணத்தோடு பொருந்துகிறதா?

கரு தங்காத மாதத்தில் புரோஜெஸ்டிரோன் ஹார்மோன் இறங்குகிறது. அழற்சியை அதுவரை அடக்கி வைத்திருந்ததே அந்த ஹார்மோன்தான். பிடி தளர்ந்ததும் அழற்சியைத் தூண்டும் புரோஸ்டாகிளாண்டின்கள் பெருகுகின்றன. கருப்பை உட்சவ்வின் சுருள் தமனிகள் இறுகுகின்றன. வெள்ளணுக்கள் திரண்டு வருகின்றன. திசுவைக் கரைக்கும் நொதிகள் வேலை செய்ய, மேலடுக்கு உதிர்கிறது. அடியடுக்கு அப்படியே நிற்கிறது.

உதிரப்போக்கு நிற்கும்வரை சீரமைப்பு காத்திருப்பதில்லை. ஓரிடம் உதிர்ந்துகொண்டிருக்கும்போதே பக்கத்து இடம் மூடத் தொடங்கிவிடும். வெட்டிய வாழைக்கட்டையின் நடுவிலிருந்து குருத்து எழுவதைப் போல, அறுபட்ட சுரப்பிகளின் அடிக்கட்டைகளிலிருந்து செல்கள் கிளம்பிப் பரவிப் புண்ணை மூடுகின்றன. அந்த நாட்களில் ஈஸ்ட்ரோஜன் மிகக் குறைவு. ஆகவே முதல் மூடலுக்கு அதன் தூண்டுதல் பெரிதாகத் தேவைப்படுவதில்லை. ஆக்சிஜன் குறைந்த திசு புது ரத்தக்குழாய்களை வரவழைக்கும் புரதத்தைச் சுரக்கிறது. மேக்ரோஃபேஜ் என்னும் வெள்ளணுக்கள் சிதைவுகளை விழுங்கி இடத்தைத் துப்புரவாக்குகின்றன. உடைத்த அழற்சியே கட்டவும் செய்கிறது என்பதுதான் இதில் வியப்பு. ஐந்தாறு நாளில் மேற்பரப்பு மூடிவிடும். அதன் பிறகு ஈஸ்ட்ரோஜன் உயர்ந்து சவ்வைத் தடிக்க வைக்கும்.

வளர்ந்தவர் உடலில் ஆழமான புண் ஆறினால் பெரும்பாலும் தழும்பு நிற்கும். இங்கே வாழ்நாளில் ஏறக்குறைய 400 முறை உதிர்ந்தும் தழும்பு விழுவதில்லை. சுரண்டல் சிகிச்சை போன்றவற்றால் அடியடுக்கே சிதைந்தால் மட்டும் தழும்பு உண்டாகிக் கருப்பைச் சுவர்கள் ஒட்டிக்கொள்ளலாம். 1948-இல் இதை விரிவாக விவரித்த மருத்துவர் அஷெர்மனின் பெயரால் அது அறியப்படுகிறது.

சமய மரபும் ஒரே குரலில் பேசவில்லை. அசாமின் காமாக்யா கோயிலில், தேவி மாதவிடாய் காண்பதாக நம்பப்படும் அம்புபாச்சி நாட்களில் மூன்று நாள் நடை சாத்தப்படுகிறது. நடை திறந்ததும் சிவப்புத் துணியைப் பக்தர்கள் பிரசாதமாக வாங்கிச் செல்கிறார்கள். தீட்டு எனப்படும் உதிரத்திலிருந்தே உடல் உருவாகிறதே என்று கேட்டார் தமிழ்ச் சித்தர் சிவவாக்கியர்.

எது புனிதம் என்பதை நுண்ணோக்கி தீர்மானிக்க முடியாது. ஆனால் அழுக்கு வெளியேறுகிறது என்ற காரணம் நிற்காது. பெண்ணை ஒதுக்கி வைக்கும் அதே நாட்களில்தான் கருப்பை தன் புண்ணை ஆற்றத் தொடங்கியிருக்கிறது.